கருவை ஏற்கும் காவற்படை

பேச்சிப்பாறை அணையில் நீர் நிறைந்திருந்தும், வாய்க்கால் குறுகிவிட்டால் கடைமடை வயல் வாடுவதை நாஞ்சில் நாட்டு உழவர் நன்கு அறிவர். கருவுற்ற தாயின் உடலிலும் இத்தகையதொரு வாய்க்கால் வேலை நடைபெறுகிறது.

பிறர் தோலை நம் உடலில் ஒட்டினால் உடல் அதனைத் தள்ளிவிடும். கருவிலோ பாதி தந்தையின் கூறு; அதனை மட்டும் தாயுடல் ஏற்பது எவ்வாறு என 1953-இல் பீட்டர் மெடவார் என்னும் அறிஞர் வினவினார். தாயின் எதிர்ப்புச் சக்தி உறங்கிவிடுகிறது எனக் கருதுவது தவறு. அது தன் தொழிலை மாற்றிக் கொள்கிறது. கருப்பையில் 'இயற்கைக் கொல்லணுக்கள்' முதல் மாதங்களில் பெருந்திரளாகக் கூடுகின்றன. பெயர்தான் கொடியது! அவை கருவைக் கொல்வதில்லை. நஞ்சுக்குக் குருதி பாயும் குழாய்களை அகலப்படுத்தத் துணைபுரிகின்றன.

இவ்வேலை குறைவுபட்டால் சிசு மெலியும். 20 வாரங்களுக்குப் பின் தாய்க்கு இரத்தக் கொதிப்பும், முற்றினால் வலிப்பும் காணலாம். முதற்கருவிலும் இரட்டைக் கருவிலும் இவ்வபாயம் மிகுதி. அபாயம் மிகுந்தோருக்கு மருத்துவர் சிறிய அளவில் ஆஸ்பிரின் தருவதுண்டு. அதனை 16 வாரத்திற்குள் தொடங்குவதே நன்று. தாமாக வாங்கி உண்ணலாகாது.

ஆகவே, பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் வார்டில் கருவுற்ற பெண்கள் 12 வாரத்திற்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்திருக்கின்றனரா என விசாரித்தல் வேண்டும். இரத்த அழுத்தமும் சிறுநீரும் ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படுதல் அவசியம். கடுந்தலைவலியோ கண்மங்கலோ கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு வண்டி பிடிக்க வேண்டும்.