18 வயதில் சிறுவர் இல்லத்தை விட்டுப் போக முன்

சிறுவர் இல்லத்தில் வளரும் உங்களுக்கு 18 வயது நிறைந்ததும் சட்டப்படி நீங்கள் வளர்ந்தவர். இல்லத்தின் பொறுப்பு அத்தோடு முடிகிறது. உயர்தரப் பரீட்சை அதற்குப் பிறகுதான் வருகிறதென்றால், பரீட்சை முடியும்வரை தங்க அனுமதி கேட்டு இல்லப் பொறுப்பாளருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் சில மாதங்களுக்கு முன்னரே கடிதம் கொடுங்கள். வாயால் கேட்டது பிறகு யாருக்கும் ஞாபகம் இராது.

அனேகமானோர் முதலில் போவது மாமா வீட்டுக்கோ பெரியம்மா வீட்டுக்கோதான். அங்கும் இடம் போதாது. சில மாதத்தில் வேலைத்தல விடுதி, பிறகு சிநேகிதர் அறை. இப்படி மாறும்போது கைவிட்டுப் போவது விலாசம். விலாசம் இல்லாதவருக்குக் கிராம அலுவலர் வதிவிடச் சான்றிதழ் தரமாட்டார். அது இல்லாமல் வேலைக்கு விண்ணப்பிப்பதும் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிவதும் சிரமம். வீட்டுத் திட்டப் பட்டியலிலும் உங்கள் பெயர் வராது. 2009க்குப் பின் வந்த வீட்டுத் திட்டங்களில் குடும்ப அங்கத்தவர் தொகைக்கும் புள்ளி போட்டார்கள். தனி ஆள் பின்னுக்குத் தள்ளப்பட்டார். பதிவும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே இல்லத்தில் இருக்கும்போதே உங்கள் கோவையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பெற்றோரின் மரணச் சான்றிதழ் இருக்கின்றனவா? பெற்றோர் காணாமற்போனவர்கள் என்றால், அதற்கெனப் பதிவாளர் நாயகம் திணைக்களம் தனியாக ஒரு சான்றிதழ் வழங்குகிறது. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம்.

அடுத்தது காணி. பெற்றோர் இருந்த காணி உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்று அறியுங்கள். இரண்டுக்கும் உரித்து மாற்றும் முறை வேறு. அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகக் காணிப் பிரிவில், பின்னுரித்தாளராக யார் பெயர் பதியப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். உறுதிக் காணியில் வேறொருவர் குடியிருந்தால் தாமதிக்க வேண்டாம். 10 வருடம் இடையூறின்றி ஆண்டுவந்தவர் ஆட்சியுரிமை கோர முடியும். நீங்கள் சிறுவராக இருந்த காலத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் அது உங்கள் வழக்குக்குப் பொருந்துமா என்பதைச் சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை தரும்.

"நீ சின்னப்பிள்ளை, நான் பார்க்கிறேன்" என்று சொல்லி உறவினர் அற்றோணித் தத்துவத்தில் கையொப்பம் கேட்கலாம். அவர் நல்ல மனதோடும் கேட்கக்கூடும். ஆனாலும் வாசித்து விளங்காத தாளிலும் வெற்றுத் தாளிலும் கையொப்பம் வைக்காதீர்கள். இரண்டு நாள் தவணை கேட்டு, பிரதியொன்றைச் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள்.

காணி இல்லாதவர்களும் சொந்த ஊர்க் கிராம அலுவலரிடம் ஒருமுறை போய்ப் பெயரைப் பதிந்து, காணியற்றோர் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். தனியே போகத் தயக்கம் என்றால் நன்னடத்தை உத்தியோகத்தரையோ எமது வெளிக்கள உத்தியோகத்தரையோ கூட்டிப் போகலாம்.