நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்: முக்கியக் குறிப்புகள்

(இந்திய அரசியலமைப்பு – நீதித்துறை. ரெட்டியார்பாளையத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகத் தொகுத்தது)

• பிறப்பு 1915 நவம்பர் 15, பாலக்காடு. அன்று அது சென்னை மாகாணத்தின் மலபார் பகுதி. பட்டப்படிப்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், சட்டம் சென்னை சட்டக் கல்லூரியில்.

• வக்கீலாக இருந்த ஊர் தலைச்சேரி. நம் மாஹேவுக்குப் பக்கத்து ஊர்தான். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-ல் ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அவருடைய தீர்ப்புகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

• 1952: கூத்துபறம்பிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்கு, சுயேச்சையாக. 1957: தலைச்சேரியிலிருந்து கேரள சட்டமன்றத்துக்கு, கம்யூனிஸ்ட் ஆதரவு பெற்ற சுயேச்சையாக. இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், மின்சாரம், சிறை உள்ளிட்ட துறைகள். 1959 ஜூலை 31-ல் பிரிவு 356-ன் கீழ் ஆட்சி கலைக்கப்பட்டது.

• காலவரிசையைக் குழப்பித்தான் கேள்வி வரும்: 1968 கேரள உயர் நீதிமன்றம், 1971–73 சட்ட ஆணையம், 1973 ஜூலை 17 உச்ச நீதிமன்றம், 1980 நவம்பர் 14 ஓய்வு.

• முன்னாள் அமைச்சர் நீதிபதியாகலாமா? பிரிவு 124(3)-ல் அதற்குத் தடை இல்லை. அதே பிரிவு 'சிறந்த சட்ட வல்லுநர்' ஒருவரையும் உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கலாம் என்கிறது. அந்த வழியில் இதுவரை யாரும் வந்ததில்லை.

• 1975 ஜூன் 24: இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்கு, விடுமுறைக்கால நீதிபதியாக நிபந்தனையுடன் தடை கொடுத்தார். பிரதமராக நீடிக்கலாம், மக்களவையில் வாக்களிக்கக் கூடாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை.

• மோத்திராம் வழக்கு (1978): ஓர் ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தும், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார் கிருஷ்ணய்யர்.

• சுனில் பத்ரா வழக்குகள்: திகார் சிறையில் சக கைதி சித்திரவதை செய்யப்பட்டதைப் பற்றி ஒரு கைதி எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. கைதியாகவும் சிறைத்துறை அமைச்சராகவும் இருந்தவர் எழுதிய தீர்ப்பு என்பதை நினைவில் வைத்துப் படித்தால் மறக்காது. அவருடைய அரசியல் வாழ்க்கையைக் குறை என்று எதிர்த்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய முதல் தகுதி.

• சி.பி. முத்தம்மா வழக்கு (1979): வெளியுறவுப் பணியில் பெண்களுக்கு எதிரான விதிகளைக் கண்டித்தார்.

• ரத்லம் நகராட்சி வழக்கு (1980): திறந்த சாக்கடை நாற்றம் தாங்காமல் ஒரு வார்டு மக்கள் போட்ட வழக்கு. நகராட்சி "நிதி இல்லை" என்றது. சுகாதாரக் கடமையைத் தட்டிக்கழிக்க அது காரணமாகாது என்பது தீர்ப்பு. 2024 ஜூன் வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 133-ஐயும் சேர்த்துப் படியுங்கள். 2024 ஜூன் 11 அன்று நம் ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாள சாக்கடையிலிருந்து கழிப்பறை வழியாக வந்த விஷவாயுவுக்கு ஒரு சிறுமி உட்பட மூன்று பேர் பலியானார்கள். இந்தத் தீர்ப்பை வெறும் ஒரு மதிப்பெண் கேள்வியாக நம் ஊர்க்காரர் யாரும் படிக்க முடியாது.

• 1987 குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளர், வென்றவர் ஆர். வெங்கட்ராமன். 1999 பத்ம விபூஷண். மறைவு 2014 டிசம்பர் 4, கொச்சி.

• இலவச சட்ட உதவி: 1973-ல் இவர் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. 1976-ல் 42-வது திருத்தம் பிரிவு 39A-வைச் சேர்த்தது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ல் வந்தது, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், காவலில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. உதவி எண் 15100. தேர்வில் வராவிட்டாலும் தெருவில் நாலு பேருக்குச் சொல்லி வையுங்கள்.