கிளைப் பொறுப்பாளரின் சம்பளத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

ஒரு வங்கிக் கிளையை நடத்துபவருக்கு மாதம் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால், ஒரே ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். புனேயில் இந்தக் கேள்விக்குக் குறைந்தது மூன்று பதில்கள் உண்டு. 1935-இல் பதிவாகி, 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையான பாங்க் ஆஃப் மகாராஷ்டிராவின் தலைமையகம் இங்கே சிவாஜிநகரில் இருக்கிறது. 1906-இல் தொடங்கிய காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியும் இந்த ஊர்தான். பெரிய தனியார் வங்கிகள் எல்லாவற்றுக்கும் கோத்ரூடிலும் ஹடப்சரிலும் ஹிஞ்சவடியிலும் கிளைகள் உண்டு. வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: வைப்புத்தொகை சேர்ப்பது, கடன் கொடுப்பது, வசூலிப்பது, பணப்பெட்டகத்துக்கும் ஊழியருக்கும் பொறுப்பாவது. சம்பளம் மட்டும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை உழைப்பும் திறமையும் ஓரளவுக்கே விளக்கும். சம்பளத்தை யார், எந்தத் தாளில் எழுதி நிர்ணயிக்கிறார்கள் என்பதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. இந்தத் துறையின் சம்பளச் சீட்டுகளையும் ஒப்பந்தங்களையும் படித்துப் பழகியதில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இதைத்தான். கிளைப் பொறுப்புக்கு வர நினைக்கும் இளைஞர்கள் தொகையை விசாரிப்பதற்கு முன் இதை விசாரிக்க வேண்டும் என்பது என் வாதம்.

அரசு வங்கியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே எல்லாம் எழுத்தில் இருக்கிறது. 2024 மார்ச் 8 அன்று இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர், அதிகாரி சங்கங்களுக்கும் இடையே கையெழுத்தான உடன்பாட்டின்படி, 2022 நவம்பர் 1 முதல் ஸ்கேல் ஒன்று அதிகாரியின் அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாயில் தொடங்கி 85,920 வரை போகிறது. ஸ்கேல் இரண்டில் 64,820 முதல் 93,960 வரை. ஸ்கேல் மூன்றில் 85,920 முதல் 1,05,280 வரை. ஸ்கேல் நான்கில் 1,02,300 முதல் 1,20,940 வரை. சின்னக் கிளைகளை ஒன்று, இரண்டாம் ஸ்கேல்காரர்களும் பெரிய கிளைகளை மூன்று, நான்காம் ஸ்கேல்காரர்களும் பார்க்கிறார்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரிய கிளை கிடைத்ததால் சம்பளம் கூடுவதில்லை. ஸ்கேல் கூடியதால்தான் பெரிய கிளை கிடைக்கிறது. இந்த அடிப்படையின் மேல் அகவிலைப்படி, தனிப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் ஏறுகின்றன. அகவிலைப்படி தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது, குறியீடு 123.03 புள்ளியைத் தாண்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விழுக்காடு. 2025-இல் அது 20 விழுக்காட்டைக் கடந்தது. இதற்காக எந்தக் கிளை மேலாளரும் யாரிடமும் போய் நின்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஏற்பாடு தானாக வந்ததல்ல. நாட்டுடைமை ஆன பிறகும் பத்து ஆண்டுகள் ஒவ்வொரு வங்கியும் தன் அதிகாரிகளுக்குத் தனித்தனிச் சம்பள விகிதம் வைத்திருந்தது. பிள்ளை குழுவின் பரிந்துரையை ஒட்டி 1979 ஜூலை 1 முதல்தான் ஒரே மாதிரியான ஸ்கேல்கள் நடைமுறைக்கு வந்தன. அதன் விளைவை இதே ஊரின் வங்கியை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். பாங்க் ஆஃப் மகாராஷ்டிரா 2017 ஜூனில் ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் வந்தது. 2018-19 நிதியாண்டில் அதன் நஷ்டம் 4,700 கோடி ரூபாயைத் தாண்டியது. அதே வங்கி 2023-24-இல் 4,055 கோடியும் 2024-25-இல் 5,520 கோடியும் நிகர லாபம் காட்டியது. ஒரே வங்கியின் கணக்கில் இது மிகப் பெரிய ஏற்ற இறக்கம். ஆனால் அதன் கிளை மேலாளரின் சம்பள ஸ்கேல் நஷ்டத்தால் இறங்கவும் இல்லை, லாபத்தால் ஏறவும் இல்லை. எல்லா வங்கிகளுக்கும் பொதுவான உடன்பாடு வந்தபோதுதான் அது மாறியது. 2020 நவம்பரில் அறிமுகமான செயல்திறன் ஊக்கத்தொகைகூட வங்கி முழுமைக்குமான லாப வளர்ச்சியைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது: 5 முதல் 10 விழுக்காடு வளர்ச்சிக்கு 5 நாள் சம்பளம், 15 வரை 10 நாள், அதற்கு மேல் 15 நாள். வங்கி எவ்வளவு கொழித்தாலும் இந்தக் கணக்கில் அரை மாதச் சம்பளத்துக்கு மேல் வராது. நான்காம் ஸ்கேலுக்கும் அதற்கு மேலும் தனிநபர் செயல்பாட்டை அளந்து இதைவிடப் பல மடங்கு கொடுக்கும் திட்டம் 2024 இறுதியில் வந்தபோது, சங்கங்கள் அதை எதிர்த்து 2025 மார்ச்சில் வேலைநிறுத்தம் அறிவிக்கும் அளவுக்குப் போயின.

அப்படியானால் தனி ஆளின் கையில் எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் பலரும் தேடும் இடத்தில் இல்லை. இந்திய வங்கி, நிதி நிறுவனத்தின் ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகளை வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளிலேயே முடித்துவிட வேண்டும். அவற்றுக்கான இன்கிரிமென்ட் ஒருமுறை அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்துவிட்டால், அதன் மேல் அகவிலைப்படியும் வருங்கால வைப்பும் ஓய்வு வரை ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, பதவி உயர்வுத் தேர்வைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்கேல் இரண்டின் உச்சியில் ஆண்டுக்கணக்காக நிற்பவர், இடமாற்றத்துக்கு அஞ்சி விட்டுக்கொடுத்த தொகையை உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்ததே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றாவது, சம்பளச் சீட்டில் தெரியாதவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். அகவிலைப்படி அகில இந்தியக் குறியீட்டில் ஓடுவதால் கோத்ரூட் வாடகை ஏறியதை அது தனியாகக் கவனிக்காது; வங்கியே வீடு பிடித்துக் கொடுக்கும் வசதிதான் இந்த ஊரில் அந்த இடைவெளியை நிரப்புகிறது. குறைந்த வட்டி வீட்டுக் கடனும் பெரிய சலுகைதான். ஆனால் அது வரியில்லாத சலுகை அல்ல: ஸ்டேட் வங்கியின் வட்டி விகிதத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை வருமானமாகச் சேர்க்கும் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 7 அன்று தீர்ப்பளித்துவிட்டது. 2010 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, புதிய திட்டத்தில் வங்கியின் பங்கு 14 விழுக்காடு என்பதையும் மறக்கக் கூடாது.

தனியார் வங்கியில் தாளே வேறு. அங்கே ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று சி.டி.சி.தான் பேசப்படுகிறது. நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு, பணிக்கொடைக்கு ஒதுக்குவது, காப்பீட்டுப் பிரீமியம், இலக்கை எட்டினால் மட்டுமே கிடைக்கும் வேரியபிள் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம். ஆகவே ஆஃபர் கடிதம் கைக்கு வந்ததும் முதல் பக்கத்துத் தொகையை விட்டுவிட்டு இணைப்பைப் படிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? வருங்கால வைப்பு அந்த முழு அடிப்படையின் மேல் 12 விழுக்காடா, அல்லது சட்டத்தின் 15,000 ரூபாய் உச்சவரம்பைக் காட்டி 1,800 ரூபாயோடு நிறுத்தப்படுகிறதா? வேரியபிள் காலாண்டுக்கா, ஆண்டுக்கா? ஆண்டு நடுவில் விலகினால் அதில் ஏதாவது கிடைக்குமா? கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. அதுதான் முக்கியம்: இதே பொறுப்பில் இருந்தவர்களுக்குக் கடந்த ஆண்டுகளில் அந்த வேரியபிளில் எத்தனை பங்கு உண்மையில் கிடைத்தது? மனிதவளத் துறையிடம் இதற்கு நேரடிப் பதில் வராவிட்டால், வேரியபிளைப் பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போட்டு, அந்தத் தொகையில் இந்த ஊரில் குடும்பம் நடத்த முடியுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதே பத்திரம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி சம்பளமாகவே கொள்ளப்படும்; பணிக்கொடைக் கணக்கு அதனால் மாறும். இதையும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஸ்கேல் என்ற அரசு வங்கி முறைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஓடி ஓடி உழைக்கும் மேலாளருக்கும் நாற்காலியைத் தேய்ப்பவருக்கும் ஒரே சம்பளம் என்பது என்ன நியாயம், இன்சென்டிவ் இருந்தால்தானே திறமைக்கு மதிப்பு என்பது அது. இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அரசு வங்கிகளில் சோர்வு என்பது கற்பனை அல்ல. ஆனால் இந்த மறுப்பு, கிளையின் வியாபாரம் மேலாளரின் உழைப்பை அப்படியே காட்டுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஹிஞ்சவடியில் மென்பொருள் நிறுவனங்களை ஒட்டிய கிளைக்குச் சம்பளக் கணக்குகள் கூட்டமாக வரும். சாக்கணில் தொழிற்சாலைகளின் நடைமுறை மூலதனக் கடன் வரும். பழைய பேட்டைகளில் உள்ள கிளைக்கு ஓய்வூதியர்களின் வைப்புத்தொகையும் நீண்ட வரிசையும் வரும். இந்த மூன்று கிளைகளின் மேலாளர்களையும் ஒரே டார்கெட்டால் அளந்தால் அது முகவரிக்குக் கொடுக்கும் பரிசாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, எட்ட முடியாத டார்கெட் மனிதரை என்ன செய்ய வைக்கும் என்பது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் விற்பனை இலக்கின் அழுத்தத்தால் வாடிக்கையாளரின் சம்மதமின்றி இருபது லட்சம் வரை கணக்குகள் திறக்கப்பட்டிருக்கலாம் என்று 2016 செப்டம்பரில் வெளிவந்தது. வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 ஊழியர்கள் வேலையை இழந்திருந்தார்கள். அதன் பிறகு அந்த வங்கி சில்லறைக் கிளைகளின் விற்பனை இலக்கையே கைவிட்டது. இலக்கை வகுத்தது மேலிடம். முதலில் வேலையை இழந்தவர்கள் பெரும்பாலும் கீழே இருந்தவர்கள். இந்தியாவில் தனியார் வங்கித் தலைமை அதிகாரிகளின் வேரியபிள் எத்தனை ஆண்டுகளில் பிரித்துத் தரப்பட வேண்டும், எப்போது திரும்பப் பெறலாம் என்பதற்கெல்லாம் 2019 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி விதி வகுத்துவிட்டது. காப்பீட்டுப் பாலிசி விற்கும் கிளை மேலாளரின் இன்சென்டிவ் அந்த விதிக்குள் வரவில்லை. திறமைக்கு மதிப்புக் கொடுப்பது சரி. வாராக்கடன், புகார், வாடிக்கையாளர் நிலைத்திருப்பது ஆகியவற்றைச் சேர்த்து அளந்து கொடுத்தால் நானும் அதை ஆதரிப்பேன்.

கூட்டுறவு வங்கியில் சம்பளம் அந்தந்த வங்கியின் அளவையும் அங்குள்ள சங்கத்தின் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. 2022-இல் ரிசர்வ் வங்கி நகரக் கூட்டுறவு வங்கிகளை வைப்புத்தொகையை வைத்து நான்கு அடுக்காகப் பிரித்தது: நூறு கோடி வரை முதல் அடுக்கு, பத்தாயிரம் கோடிக்கு மேல் நான்காம் அடுக்கு. முதல் அடுக்கு வங்கியில் கிளைப் பொறுப்பாளர் என்றால், அரசு வங்கியின் தொடக்கநிலை அதிகாரிக்குக் கிடைப்பதை நெருங்குவதே பெரிது. சம்பளத்தைவிட இங்கே நிறுவனத்தின் உடல்நலத்தைப் பார்க்க வேண்டும். 1912-இல் பிறந்த ரூபீ கூட்டுறவு வங்கி 2013 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டுக்குள் வந்து, 2022 செப்டம்பரில் உரிமம் இழந்தது. அதற்கு முன் 2021 மே மாதம் சிவாஜிராவ் போசலே வங்கியும், அடுத்து 2022 அக்டோபரில் சேவா விகாஸ் வங்கியும் உரிமம் இழந்தன. மூன்றும் புனேக்காரர்களின் வங்கிகள். வைப்பாளருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு இருந்தது. கிளையில் உட்கார்ந்து அந்த வைப்பாளர்களின் முகத்தைப் பார்த்தவரின் வேலைக்கு அப்படி ஒரு காப்பீடு கிடையாது. சேரும் முன் அந்த வங்கியின் ஆண்டறிக்கையில் வாராக்கடன் விகிதத்தைப் படியுங்கள்.

சூப்பர்வைசர் என்ற பதவிப் பெயருக்கும் சம்பளத்தில் பங்கு உண்டு. தொழில் தகராறுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே இருந்தார். புதிய தொழிலுறவுத் தொகுப்பில் அந்த வரம்பு 18,000. வங்கி எழுத்தர்களுக்குச் சட்டப்படியான ஒப்பந்தமும் அதிகாரிகளுக்குக் கூட்டுக் குறிப்பும் என்று ஒரே நாளில் இரண்டு தாள்கள் கையெழுத்தாவதற்கும் இந்த வரையறைதான் காரணம். அதிகாரிகளுக்குச் சங்கத்தின் பலமாவது இருக்கிறது. சிறிய நிதி நிறுவனங்களிலும் கூரியர் கிளைகளிலும் சொற்பச் சம்பளத்தோடு இந்தப் பதவிப் பெயர் மட்டும் வந்து சேர்ந்தால், தொழிலாளர் சட்டத்தின் பாதுகாப்பு கேள்விக்குறியாகும். ஆனால் பதவிப் பெயரே முடிவல்ல. ஒருவர் பிரதானமாகச் செய்யும் வேலை எது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் சீபா கெய்கி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யாருக்கும் விடுப்பு அனுமதிக்கவோ, வேலையைப் பகிர்ந்தளிக்கவோ அதிகாரம் இல்லாதவர், தான் அன்றாடம் செய்யும் வேலைகளை எழுத்தில் குறித்து வைப்பது நல்லது.

இன்னொரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரசு வங்கியின் ஸ்கேல் மெதுவாக நகர்கிறது. 2017 நவம்பரில் வந்திருக்க வேண்டிய உயர்வு 2020 நவம்பரில் கையெழுத்தானது. அடுத்ததும் பதினாறு மாதம் தாமதம். நிலுவைத்தொகை வந்தது, அதற்கு வட்டி வரவில்லை. இடமாற்றம் குடும்பத்தைப் பிரிக்கிறது. புனேயிலேயே இருந்தாக வேண்டிய சூழல் உள்ளவருக்கும், விற்பனையில் உண்மையான நாட்டம் உள்ளவருக்கும் தனியார் வங்கி நல்ல தேர்வாகவே இருக்கலாம். அங்கே விரைவாக மேலே வருபவரின் வருமானம் அதே வயது அரசு வங்கி அதிகாரியைத் தாண்டிவிடும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு உயர்வுக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேச வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லோருடைய சம்பளமும் தெரியும், பேசுபவருக்குத் தன்னுடையது மட்டுமே தெரியும். அந்தச் சமமின்மைக்கான விலையைக் கழித்துவிட்டுத்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

வங்கி அதிகாரிகளின் இப்போதைய உடன்பாடு 2027 அக்டோபர் 31 அன்று முடிகிறது. தனியாரிலிருந்து அரசு வங்கிக்கோ, அரசு வங்கியிலிருந்து தனியாருக்கோ மாற நினைப்பவர்கள் அந்தத் தேதியை மனதில் வைத்து, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, உறுதியாகக் கிடைக்கும் தொகையை மட்டும் கூட்டிப் பாருங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.