கிறிஸ்மஸ் வேலைகளுக்கு நடுவே நிம்மதி: அன்னவாசல் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் இரண்டாவது வாரம் வந்துவிட்டால் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் கால் வைக்க இடமிருக்காது. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. தையல்காரரிடம் கொடுத்த துணி இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஸ்டார் கட்ட வேண்டும், கீத பவனி வரும் இரவில் எத்தனை பேருக்குக் காபி போடுவது என்று தெரியாது. ஓடி ஓடிக் களைத்து 24-ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலியில் போய் உட்காரும்போது கண் சொக்குகிறது. விழாவுக்காக உழைத்தவர்களே விழாவைக் காணாமல் போகிறார்கள்.

எல்லாவற்றையும் குறைத்துக்கொள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அதிரசமும் அச்சுமுறுக்கும் சொந்தபந்தமும் இல்லாத கிறிஸ்மஸ் நம் பக்கத்தில் யாருக்கு வேண்டும்? ஜெபத்துக்கும் ஓய்வுக்கும் உரிய நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மிச்ச நேரத்தில் வேலைகளைப் பொருத்துங்கள் என்பதுதான் என் யோசனை. வேலை முடிந்ததும் ஜெபிக்கலாம் என்று இருந்தால் வேலை முடியவே முடியாது.

நாள்காட்டியை எடுங்கள்

திருவருகைக் காலம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் இதில் அடங்கும். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளிலும் இதே கணக்குதான். மூன்றாவது ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு. அன்று மட்டும் ஊதா மெழுகுதிரிக்குப் பதில் ரோஜா நிறத் திரி ஏற்றுவார்கள்.

சமையலறைக் காலண்டரில் அந்த நான்கு ஞாயிறுகளையும் வட்டமிடுங்கள். அன்று கடைத்தெருவுக்குப் போவதில்லை என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கும் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். கடைசி இரண்டு நாட்களில் கோயிலில் வரிசை நீளும். மூன்றாவது வாரத்திலேயே போனால் பங்குத்தந்தையிடம் நிதானமாக மனம்விட்டுப் பேசலாம்.

பணத்தைப் பிரித்து வையுங்கள்

நிம்மதியைக் கெடுப்பதில் கடனுக்கு மிஞ்சியது எதுவுமில்லை. துணி, பலகாரம், காணிக்கை, இல்லாதவர்களுக்கு என்று நான்கு கவர்களில் பணத்தைப் போட்டு மேலே எழுதிவையுங்கள். கவர் காலியானால் அந்தச் செலவு முடிந்தது. நகையை அடகு வைத்துப் புதுத்துணி எடுக்காதீர்கள். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவருடைய விழாவுக்காக நீங்கள் வட்டி கட்ட வேண்டியதில்லை.

நாளுக்கு ஓர் அதிகாரம்

லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி நாளுக்கு ஒன்றாக வாசித்தால், கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் முடிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும். கைபேசிகள் வேறு அறையில் இருக்கட்டும். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குச் சிறு பகுதியைக் கொடுங்கள், பொறுமையாகக் கேளுங்கள்.

இந்தக் கணக்குப்படி மார்த்தா, மரியா சகோதரிகளின் கதை 10-ஆம் தேதி வரும். பலகார வேலை சூடு பிடிக்கிற நேரம் அது. பிரசங்கங்களில் மார்த்தாவைப் போட்டு வறுத்தெடுப்பதைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. இயேசு அவள் சமைத்ததைக் குறை சொல்லவில்லை. பலதையும் நினைத்து அவள் மனம் கலங்கிக் கிடந்ததைத்தான் சொன்னார். அன்றைக்கு இதை வாசித்துவிட்டு, அவரவர் மனதைக் குடையும் ஒரு கவலையை வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்றவர்கள் அதற்காக ஜெபியுங்கள். இரண்டு நாள் கழித்து 12-ஆவது அதிகாரம், காகங்களையும் காட்டு மலர்களையும் காட்டிக் கவலைக்குப் பதில் சொல்லும்.

தமிழில் பற்றுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் தேம்பாவணியையும் எடுத்துவைக்கலாம். வீரமாமுனிவர் சூசையப்பரைத் தலைவராக வைத்துப் பாடிய காப்பியம், 3615 பாடல்கள். அவர் பணியாற்றிய ஆவூர், நமக்குப் பக்கத்து விராலிமலை வட்டத்தில்தான் இருக்கிறது. நற்செய்திகளில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவில் கேட்டார், எழுந்தார், செய்தார். பேச்சு பெருத்துப்போன பண்டிகைக் காலத்தில் துணைக்கு அழைக்கத் தகுந்த புனிதர் அவர்.

குடிலில் தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும்

1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசீசி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்துக் குடில் அமைத்தார். அவர் காட்ட விரும்பியது ஏழ்மையை. கடையில் வாங்கும் மின்விளக்குத் தோரணத்தைவிட, செம்மண்ணும் வைக்கோலும் பனையோலையும் கொண்டு பிள்ளைகள் கட்டும் குடில் அதற்குப் பொருத்தமானது. பாலன் சொரூபத்தை 24 இரவு வரை வைக்காதீர்கள். வீட்டில் யாராவது இன்னொருவருக்கு ஓர் உதவி செய்தால் தொட்டியில் ஒரு வைக்கோல் துரும்பு போடட்டும். யார் போட்டது என்று கேட்கக் கூடாது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் வீட்டின் கடைக்குட்டி பாலனைக் கிடத்தட்டும்.

ஒரு காலைப்பொழுது மலைக்கு

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் காரியம். நான்கு வாரங்களில் ஒரு நாள், அரைநாளாவது, பேச்சில்லாமல் இருங்கள். அதற்கு நமக்கு வாய்த்த இடம் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர்.

அது சமணர்களின் இடம். நம் ஜெபக்கூட்டத்தை அங்கே நடத்தப் போகவில்லை. பாட்டும் வேண்டாம், துண்டுப் பிரசுரமும் வேண்டாம். முன்னோர் அமைதி தேடிய இடத்தில் மரியாதையோடு ஒரு விருந்தாளியாக இருந்துவிட்டு வருகிறோம், அவ்வளவே.

வார நாளில், வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். முதலில் அறிவர் கோயில். கூரை ஓவியத்தில் தாமரைக் குளம், மீன்கள், வாத்துகள், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் தெரியும். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. கழுத்தை நிமிர்த்தி ஐந்து நிமிடம் பார்த்தால்தான் ஓவியம் கண்ணுக்குப் பிடிபடும். அவசரக்காரருக்கு அங்கே மங்கிய நிறம் மட்டுமே தெரியும்.

பிறகு ஏழடிப்பட்டம் என்ற குகை. மலையின் கிழக்குப் பக்கம், பாறையில் ஏழு படிக்குழிகள் வெட்டிய பழைய வழி. இன்று கம்பி பிடித்து ஏறலாம். உள்ளே வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள், தலைப்பக்கம் சற்றே மேடாக. அவற்றில் பெரிய படுக்கையின் அருகே தமிழ் பிராமி எழுத்துகள். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதென் என்பவருக்கு வேறொருவர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, உடைமையை எல்லாம் விட்டுவந்த ஒருவருக்காக யாரோ உளி பிடித்து இந்தக் கல்லைத் தேய்த்திருக்கிறார்கள்.

குகைக்கு வெளியே, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத பாறையில் அரைமணி நேரம் உட்காருங்கள். இயேசுவும் கூட்டத்தை விட்டு விலகித் தனியே மலைக்கு ஏறி ஜெபித்தவர்தான். மனம் முதலில் செய்யாத வேலைகளின் பட்டியலைப் படிக்கும். படிக்கட்டும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஆண்டவர் கையில் கொடுங்கள். பிறகு அந்த ஆண்டில் நன்றி சொல்ல வேண்டிய மூன்று காரியங்களை நினைத்துப் பாருங்கள். வேறு ஜெபம் தேவையில்லை.

வீட்டில் ஒருவருக்கு ஓய்வு கொடுங்கள்

அந்தக் கற்படுக்கையைப் பார்த்துவிட்டு வந்தபின் இதைச் செய்யாமல் இருக்க முடியாது. உங்கள் வீட்டில் இந்த மாதம் அதிகம் களைத்துப்போகிறவர் யார்? பெரும்பாலும் அம்மாவோ அப்பத்தாவோதான். 24-ஆம் தேதி மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிவரை அவர் படுத்துத் தூங்க வேண்டும். சும்மா சொன்னால் தூங்கமாட்டார், "அந்த மாவு என்ன ஆகிறது" என்று எழுந்து வருவார். ஆகவே ஆண்கள் சமையலறைக்குள் போங்கள். மாவைப் பிசையுங்கள், பாத்திரத்தைத் துலக்குங்கள், வரும் விருந்தாளிகளை வாசலிலேயே கவனியுங்கள். மறுநாள் அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஸ்டார் தொங்காத வீடு

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் கட்டமாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். அந்த வாசலை நாம் கொஞ்சம் தயக்கத்தோடு கடந்து போகிறோம். கடந்து போகாதீர்கள். இழப்பின் நடுவிலும் கிறிஸ்மஸ் வரத்தான் செய்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்து, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னைகள் சாய்ந்து, கிறிஸ்மஸுக்கு ஆறு வாரம்கூட இல்லை. வருமானத்தை ஒரே இரவில் இழந்தவர்களுக்கும் அந்த டிசம்பரில் கிறிஸ்மஸ் வந்தது. முதல் கிறிஸ்மஸும் இடமில்லாதவர்களுக்குத்தான் வந்தது.

25 மாலை உங்கள் வீட்டுப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு ஸ்டார் தொங்காத அந்தத் துக்க வீட்டுக்குப் போங்கள். வாழ்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு நல்ல சங்கதியைச் சொல்லுங்கள். அவர்கள் அழுதால் கூட உட்கார்ந்திருங்கள். ஆறுதல் சொல்லப் போன நாமே தேறித் திரும்பும் வீடு அது.

26-இல் முடித்துவிடாதீர்கள்

கத்தோலிக்கத் திருச்சபையில் கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. ஆகவே எல்லா உறவினர் வீடுகளுக்கும் 25-ஆம் தேதியே பறந்து பறந்து போகவேண்டிய கட்டாயம் இல்லை. பாதிப் பேரைப் பள்ளி விடுமுறை முடிவதற்குள் பார்த்துவிடலாம், மீதிப் பேரைத் திருக்காட்சி விழாவுக்கு அழைக்கலாம். மலைக்குப் போக முன்னதாக முடியாதவர்கள் 27-இலோ 28-இலோ குடும்பத்தோடு போய்வாருங்கள். அப்போதும் கிறிஸ்மஸ் காலம்தான்.