கியர் ராடு ஆட்டம்: மண்டபத்து மீன் லாரி சொல்லித் தந்த பாடம்

மெஷின் டிசைன் வகுப்பில் ‘கிளியரன்ஸ்’ என்று எழுதிப் போட்டதும் நாமும் நோட்டில் எழுதிக்கிட்டோம். அந்தச் சொல் ஒரு டிரைவரின் உயிரோடு விளையாடும் என்பது எனக்குப் புரிந்தது, லீவில் மண்டபத்தில் ஒரு பட்டறையில் நின்றபோதுதான்.

வந்தது ஒரு பழைய மீன் லாரி. ஐந்து டன் மீனோடு பாம்பன் பாலத்தில் இறங்கும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதாம். 1988-ல் திறந்த அந்தச் சாலைப் பாலம், கப்பல் போக வழிவிட்டு நடுவில் உயர்ந்து இறங்கும். இறக்கத்தில் கியர் கழன்றால் எஞ்சின் பிடிப்பு போய், மொத்த பாரமும் பிரேக் தலையில் விழும். "கியர்பாக்ஸையே இறக்கணுமாண்ணே?" என்று டிரைவர் கேட்டார். மேஸ்திரி சிரித்தார்: "முதல்ல ராடைப் பார்ப்போம், தம்பி."

ஏன் ராடு? எஞ்சினுக்கு மேலேயே கேபின் உட்காரும் லாரிகளில் லீவர் ஒரு இடம், கியர்பாக்ஸ் ஒரு இடம். இரண்டையும் ராடுகளும் பின்களும் இணைக்கின்றன. ஒரு கணக்கு போடுங்க. லீவர், பிவட்டுக்கு மேலே 60 செ.மீ., கீழே 10 செ.மீ. என்றால் விகிதம் 6:1. நான்கு இணைப்புகளில் தலா 1 மி.மீ. தேய்மானம் இருந்தால் கீழே மொத்தம் 4 மி.மீ. அதுவே கைப்பிடியில் 24 மி.மீ. ஆட்டம்! கைப்பிடியை 60 மி.மீ. தள்ளினால் கீழே 10 மி.மீ. நகர வேண்டும், 4 மி.மீ.யை ஆட்டமே தின்றுவிட்டால் மீதி 6 தான். பற்கள் பாதி கடித்து நிற்கும். பாரம் மாறும் நொடியில் கழன்றுவிடும்.

மண்டபத்தில் இது சீக்கிரம் வரும். உப்புக்காற்று அரிப்பைச் சோதிக்கவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் முகாமில் மையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கோங்க. போதாததற்கு மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணி அடியில் சொட்டுகிறது. பழைய கிரீஸில் உப்பும் மணலும் சேர்ந்தால், அது கிரீஸ் இல்லை. உரசித் தேய்க்கும் பசை.

சரி, எப்படிச் சரி செய்வது?

1. பாதுகாப்பு: சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்க. ஹேண்ட் பிரேக், டயருக்குக் கட்டை, நியூட்ரல் மூன்றும் கட்டாயம். கேபினைச் சாய்த்தால் அதன் லாக்கைச் சரிபாருங்க.

2. கண்டுபிடிப்பு: ஒருவர் லீவரை மெல்ல ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கணும். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையலையோ அங்கேதான் தேய்மானம். எல்லாம் இறுக்கமாக இருந்தும் கியர் கழன்றால் எஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்க. அதுவும் நல்லா இருந்தால்தான் கியர்பாக்ஸைத் திறப்பது.

3. கழற்றும் முன்: ராடின் நீளத்தை இரு மையங்களுக்கு நடுவே அளந்து எழுதுங்க, பெயிண்டில் குறியிடுங்க. இதை விட்டால் செட்டிங் மறுபடி கிடைக்க நாள் முழுக்கப் போகும். துருப்பிடித்த பின்னுக்கு ஆயில் ஊற்றி ஊறவிடுங்க. டீசல் பைப் பக்கத்தில் தீ வேண்டாம்.

4. அளவு: பின்னின் தேயாத ஓரத்தையும் தேய்ந்த நடுவையும் வெர்னியரில் அளந்தால் வித்தியாசம் தெரியும். துளை முட்டை வடிவாகியிருந்தால் புதுப் பின் மட்டும் போட்டுப் பயனில்லை. துளையை ரீமரில் வட்டமாக்கி, லேத்தில் கடைந்த கன்மெட்டல் புஷ்ஷை அழுத்தி ஏற்றணும். அழுத்தும்போது உள்விட்டம் சுருங்கும். அதனால் கடைசி ரீமிங் அதன் பிறகுதான். தேய்ந்த பால் ஜாயின்ட்டை வெல்டிங் வைக்காதீங்க, மாற்றிடுங்க.

5. பூட்டுதல்: தண்ணீரில் கரையாத கிரீஸ், புது ஸ்பிளிட் பின், கிழியாத ரப்பர் உறை. நீளத்தைப் பழைய அளவுக்கு வைத்து லாக் நட்டை இறுக்குங்க. எஞ்சினை ஓட்டாமலே எல்லாக் கியரும் முழுசா விழுதா, லீவர் எங்கேயும் இடிக்குதா என்று பாருங்க. முதலில் காலி வண்டி, பிறகுதான் பாரம்.

அந்த லாரியில் தேய்ந்திருந்தது இரண்டு புஷ்தான். கியர்பாக்ஸ் திறக்கப்படவே இல்லை. "வாரம் ஒருக்கா அடியை நல்ல தண்ணியில கழுவி கிரீஸ் அடிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார் மேஸ்திரி.

உங்க ஊர் வண்டியில் கியர் கழன்றால் முதலில் ஒரு நண்பரை லீவரை ஆட்டச் சொல்லி, நீங்க கீழே பாருங்க. பெரிய செலவுக்கு முன் அந்தப் பத்து நிமிஷம் போதும்.