கதவைத் தட்டும் கை

நுழையும்முன்

நோயுற்றவருக்கு மருந்து கொடுத்தல் எளிது. உதவ வருபவரைக் கண்டே அஞ்சுபவருக்கு உதவுதல் அரிது. கனடா நாட்டின் தொல்குடி மக்களிடையே போதைப்பொருளால் நேரும் இறப்புகளைத் தடுக்க முனையும் சமூகப் பணியாளர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கல் இது. அவ்வச்சம் எங்கிருந்து வந்தது? அதனைக் கடந்து உயிர்காக்கும் பணி எவ்வாறு நடைபெறுகிறது? இவ்வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

ஹேஸ்டிங்ஸ் தெருவில்

கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள பெருநகரம் வான்கூவர். தொல்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த நிலத்தில் எழுந்த நகரம் அது. உயர்ந்த கட்டடங்களும் பெரிய துறைமுகமும் கொண்ட அந்நகரில், 'டவுன்டவுன் ஈஸ்ட்சைடு' என்னும் பகுதியை வறுமையும் வீடின்மையும் போதைப்பழக்கமும் ஒருங்கே வாட்டுகின்றன. அங்குள்ள ஹேஸ்டிங்ஸ் தெருவில் மழை பெய்யும் இரவுகளிலும் தோளில் பையுடன் நடந்துசெல்லும் களப்பணியாளர்களைக் காணலாம். தூய ஊசிக்குழல்கள், குடிநீர், காலுறைகள், உணவு, நலாக்சோன் என்னும் மருந்து ஆகியவற்றை அவர்கள் எடுத்துச் செல்கின்றனர். நடைபாதையில் சுருண்டு கிடப்பவர் அருகில் அமர்ந்து, "சாப்பிட்டீர்களா? குளிருக்குப் போர்வை இருக்கிறதா?" என்று பேச்சைத் தொடங்குகின்றனர். பழக்கத்தை விடும்படி அறிவுரை கூறுவதில்லை. இவ்வகைப் பணி 'தீங்கு குறைப்பு' எனப்படும்.

தீங்கு குறைப்பு

போதைப்பொருளைப் பயன்படுத்தும் ஒருவரால் அப்பழக்கத்தை இன்றே கைவிட இயலாமல் போகலாம். கைவிடும் நாள் வரும்வரை அவரை உயிருடன் காத்தல் வேண்டும் என்பதே தீங்கு குறைப்பின் அடிப்படை. ஒருவர் பயன்படுத்திய ஊசியை மற்றொருவர் பயன்படுத்தும்போது எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி ஆகிய தொற்றுகள் பரவுகின்றன. தூய ஊசிகளை வழங்குவதால் இப்பரவல் குறைகிறது. சிகிச்சை பெற விரும்புவோரை உரிய இடத்திற்கு அழைத்துச் செல்வதும் இப்பணியுள் அடங்கும். ஆனால், பழக்கத்தை விட்டால்தான் உதவி கிடைக்கும் என்னும் நிபந்தனை இங்கு இல்லை.

2003ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹேஸ்டிங்ஸ் தெருவில் 'இன்சைட்' என்னும் மையம் திறக்கப்பட்டது. வட அமெரிக்காவில் சட்ட இசைவுடன் தொடங்கப்பட்ட முதல் கண்காணிப்பு ஊசி மையம் இதுவாகும். மையம் போதைப்பொருளை வழங்குவதில்லை. தாமே கொண்டுவருவதைச் செவிலியரின் பார்வையில் ஒருவர் பயன்படுத்துகிறார். அவருக்கு மூச்சுத் தடைப்பட்டால் அக்கணமே உதவி கிடைக்கிறது.

அச்சத்தின் வேர்

கனடாவின் தொல்குடி மக்கள் முதற்குடியினர், இனுயிட், மெட்டி என மூன்று பெரும்பிரிவினர் ஆவர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ 18 இலட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகையில் 5 விழுக்காட்டினர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நச்சுப் போதைப்பொருளால் இறக்கும் வீதம், பிறரைக் காட்டிலும் முதற்குடியினரிடம் ஏறத்தாழ 6 மடங்கு மிகுதி என 2023ஆம் ஆண்டின் தரவுகள் காட்டுகின்றன. இவ்வேறுபாட்டின் காரணத்தை அம்மக்களின் இயல்பில் தேடுவது பிழை. அதனை வரலாற்றில் தேட வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1990கள் வரை, அரசும் கிறித்தவத் திருச்சபைகளும் இணைந்து தொல்குடிக் குழந்தைகளுக்கென உறைவிடப் பள்ளிகளை நடத்தின. ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் அவற்றில் சேர்க்கப்பட்டனர். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட அவர்கள் தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். பலர் வன்கொடுமைக்கு ஆளாயினர், ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். 2008ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று நாட்டின் தலைமை அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். பின்னர், உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் உயிர் பிழைத்தோரின் வாக்குமூலங்களைத் திரட்டி, 2015இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது.

பள்ளிகளோடு பிரிவு முடிந்துவிடவில்லை. 1960கள் முதல் 1980கள் வரை, குழந்தை நலம் என்னும் பெயரில் ஏறத்தாழ 20,000 தொல்குடிக் குழந்தைகள் குடும்பங்களிலிருந்து எடுக்கப்பட்டுப் பிற இனத்தாரிடம் வளர்ப்புக்கும் தத்துக்கும் அளிக்கப்பட்டனர். 'அறுபதுகளின் பறிப்பு' என இந்நிகழ்வு குறிக்கப்படுகிறது. அன்று வீட்டுக் கதவைத் தட்டிக் குழந்தையை அழைத்துச் சென்றவர் சமூகப் பணியாளர் ஆவார். தாம் நன்மை செய்வதாகவே அவர்களுள் பலர் நம்பினர். தாய்மடி, மொழி, ஊர், உறவு ஆகிய அனைத்தையும் இழந்து வளர்ந்தவர்களுள் சிலர் அந்த வலியை மறக்கப் போதையை நாடினர். தாய் தந்தையரின் அன்பைப் பெறாது வளர்ந்தவர்கள் தம் மக்களை வளர்க்கும் வழியறியாது தடுமாறினர். ஒரு தலைமுறையின் காயம் அடுத்த தலைமுறைக்கும் இவ்வாறு கடந்தது.

இவ்வச்சம் பழங்கதை அன்று. கருவுற்ற பெண் ஒருத்தி குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவள் எனக் கருதினால், சமூகப் பணியாளர்கள் மருத்துவமனைக்கு முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2019 வரை நடைமுறையில் இருந்தது. கனடாவில் 15 வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் தொல்குடியினர் 7.7 விழுக்காட்டினர். வளர்ப்புக் காப்பில் உள்ள அவ்வயதுக் குழந்தைகளுள்ளோ அவர்கள் 53.8 விழுக்காட்டினர் எனக் கூறுகிறது 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. எனவே, போதைப்பழக்கத்திற்கு உள்ளான இளந்தாய் ஒருத்தி உதவி கேட்கத் தயங்குகிறாள் என்றால், அத்தயக்கத்தில் நியாயம் உண்டு. உதவி கேட்டால் குழந்தையை இழக்க நேரலாம். கேளாவிடின் உயிரை இழக்க நேரலாம்.

மூச்சைக் காத்தல்

> தெரிந்து தெளிவோம்
> அபின்வகைப் போதைப்பொருள்கள் அளவு மீறினால் மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதி செயலிழக்கிறது. நலாக்சோன், அப்பொருள்களை மூளையின் ஏற்பிகளிலிருந்து விலக்கிச் சில நிமிடங்களில் மூச்சை மீட்கிறது. இதன் ஆற்றல் ஏறத்தாழ 30 முதல் 90 நிமிடங்கள் வரையே நீடிக்கும். அதன்பின் மூச்சு மீண்டும் தடைப்படக்கூடும். ஆதலால், அவசர மருத்துவ உதவியை அழைப்பதும் அவரைத் தனியே விடாதிருப்பதும் இன்றியமையாதவை.

ஃபெண்டனில் என்னும் செயற்கைப் போதைப்பொருள் மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கும். கள்ளச் சந்தையில் விற்கப்படும் பிற பொருள்களிலும் அது கலந்துவிட்டதால், 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பிரிட்டிஷ் கொலம்பியா பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்தது. நலாக்சோனை மருத்துவர்தாம் செலுத்த வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற அண்டை வீட்டாரும் நண்பரும் செலுத்தலாம். அம்மாகாணத்தில் 2012 முதல் இம்மருந்துப் பெட்டி விலையின்றி வழங்கப்படுகிறது. காவலருக்கு அஞ்சி ஒருவரும் உதவியை அழைக்காது இருந்துவிடக் கூடாது என்பதற்காக, அழைப்பவரையும் உடனிருப்பவரையும் போதைப்பொருள் வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து காக்கும் சட்டம் 2017இல் கனடாவில் நடைமுறைக்கு வந்தது.

இரு கண் பார்வை

மருந்து மூச்சை மீட்கும். நம்பிக்கையை மீட்பது வேறு வகைப் பணி. போதையின் துன்பத்தைத் தாமே பட்டு உணர்ந்தவர்கள் இக்களப்பணியில் உடன்பணியாளர்களாகச் சேர்க்கப்படுகின்றனர். வெளியிலிருந்து வரும் அதிகாரியிடம் சொல்லத் தயங்குவதைத் தம்மைப் போன்ற ஒருவரிடம் மக்கள் சொல்கின்றனர்.

தொல்குடிகளின் மூத்தோரும் இப்பணியில் பங்கேற்கின்றனர். மேற்குக் கரைத் தொல்குடியினர் கூடி விருந்தும் பரிசும் அளிக்கும் 'பாட்லாட்ச்' என்னும் விழாவை, 1885 முதல் 1951 வரை கனடியச் சட்டம் தடை செய்திருந்தது. இழந்த சடங்கையும் பாட்டையும் மொழியையும் மீட்டெடுத்தலே நலம் பெறுதலின் ஒரு பகுதி என்று மூத்தோர் கருதுகின்றனர். மிக்மா குடியைச் சேர்ந்த மூத்தவர் ஆல்பர்ட் மார்ஷல், ஒரு கண்ணால் தொல்குடி அறிவின் வலிமையையும் மறு கண்ணால் மேலை அறிவின் வலிமையையும் கண்டு, இரு கண்களையும் அனைவரின் நன்மைக்காகப் பயன்படுத்த வேண்டும் என்றார். 'இரு கண் பார்வை' என்னும் இக்கொள்கை இன்று மருத்துவத்திலும் சமூகப் பணியிலும் வழிகாட்டியாக உள்ளது.

எல்லாத் தொல்குடியினரும் தீங்கு குறைப்பை ஒரே வகையாக ஏற்கவில்லை. சடங்கில் பங்கேற்பவர் சில நாள்களாவது போதையின்றி இருத்தல் வேண்டும் என்பது சில குடிகளின் மரபு. மதுவை முற்றிலும் விலக்கிய ஊர்களும் உண்டு. 50க்கும் மேற்பட்ட மொழிகளைப் பேசும் மக்களுக்கு ஒரே தீர்வை வகுத்துவிட இயலாது. முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது என ஏற்பதே பணியாளரின் முதற்கடமை. 2013 முதல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதற்குடியினரின் நலவாழ்வுப் பணிகளை அவர்களே அமைத்த 'முதற்குடியினர் நலவாழ்வு ஆணையம்' நடத்தி வருகிறது.

சமூகப் பணியால் விளைந்த கேட்டை அப்பணியாலேயே சீர்செய்ய முனைந்தவர்களும் உளர். கிட்சான் குடியைச் சேர்ந்த சமூகப் பணியாளர் சிண்டி பிளாக்ஸ்டாக், தொல்குடிக் குழந்தைகளின் நலனுக்கு அரசு குறைவாக நிதி ஒதுக்குகிறது என 2007இல் முறையீடு செய்தார். அது பாகுபாடே என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016இல் தீர்ப்பளித்தது.

எதிர்ப்பும் விடையும்

ஊசி வழங்குவது போதைக்குத் துணைபோவது ஆகாதா என்னும் வினா இயல்பானதே. இன்சைட் மையம் திறந்தபின் அதனைச் சுற்றி 500 மீட்டருக்குள் போதை மிகையால் நேர்ந்த இறப்பு வீதம் 35 விழுக்காடு குறைந்தது. நகரின் பிற பகுதிகளில் குறைந்ததோ 9 விழுக்காடு. 2011இல் வெளியான ஆய்வு இதனைக் காட்டியது. மையத்தை மூட நேரும் நிலை ஏற்பட்டபோது, அது உயிர்களைக் காத்துள்ளது எனக் கூறி, தொடர்ந்து இயங்கக் கனடாவின் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் ஒருமனதாக வழிசெய்தது.

ஆயினும், தீங்கு குறைப்பு ஒன்றே போதுமானதன்று. 2021 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2,000க்கும் மேற்பட்டோர் நச்சுப் போதைப்பொருளால் இறந்தனர். தங்க வீடும், காத்திருக்க வேண்டாத சிகிச்சையும், குடும்பம் பிரியாத வாழ்வும் வேண்டும். போதைப்பொருள் உடலையும் வாழ்வையும் அழிப்பது என்பதில் ஐயமில்லை. அதனால் வீழ்ந்தவர் அழிந்துபோகட்டும் என விட்டுவிடுவது அறமாகாது.

சொல்லும் மதிப்பும்

'போதையடிமை' என்று ஒருவரை அழைக்கும்போது அவருடைய பெயரும் குடும்பமும் திறமையும் மறைந்துவிடுகின்றன. அதனால், 'போதைப்பொருளைப் பயன்படுத்துபவர்' என்றே களப்பணியாளர்கள் குறிப்பிடுகின்றனர். நேரில் காணும்போது பெயர் சொல்லி அழைக்கின்றனர். அடுத்த வாரமும் அதே நாளில் அதே இடத்திற்கு வருகின்றனர். வாக்குறுதி அளித்ததை நிறைவேற்றுகின்றனர். நம்பிக்கை இவ்வாறு சிறுகச் சிறுக வளர்கிறது. கதவைத் தட்டும் கை தன்னிடமிருந்து எதையும் எடுத்துச் செல்ல வரவில்லை என்று உள்ளே இருப்பவர் உணர்வதற்குச் சில வேளைகளில் ஆண்டுகள் ஆகலாம். அதுவரை பொறுமையோடு தட்டிக்கொண்டிருப்பதும், திறப்பதா வேண்டாவா என்னும் முடிவை அவரிடமே விடுவதும் சமூகப் பணியின் அறமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள போதை மீட்பு மையத்தின் பணிகள் குறித்து, ஆசிரியர் துணையுடன் செய்தி திரட்டி வகுப்பில் பகிர்க.
2. 'உதவி செய்வோர் முதலில் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.
3. ஒருவரை இழிவுபடுத்தும் சொற்களுக்கு மாற்றாக மதிப்புத் தரும் சொற்களைத் தொகுத்து எழுதுக.

மதிப்பீடு

*குறுவினா*
1. தீங்கு குறைப்பின் அடிப்படைக் கொள்கை யாது?
2. 'இரு கண் பார்வை' – விளக்குக.

*சிறுவினா*
1. நலாக்சோன் செலுத்தியபின் ஒருவரைத் தனியே விடலாகாது. ஏன்?
2. தொல்குடித் தாய்மார் உதவி கேட்கத் தயங்குவதற்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.

*நெடுவினா*
1. சமூகப் பணி நன்மையாகவும் தீமையாகவும் அமையக்கூடும் என்பதைக் கனடியத் தொல்குடியினரின் வரலாற்றின் வழி நிறுவுக.