ஒரே கணக்கு, மூன்று விடை

நம்பிக்கை: எந்தக் கால்குலேட்டரில் போட்டாலும் ஒரே விடைதான் வரும்.

2 + 3 × 4 = என்று தட்டிப் பாருங்கள். கல்லாப்பெட்டி பக்கத்தில் கிடக்கும் மேசைக் கால்குலேட்டர் 20 என்று காட்டும். பொறியியல் மாணவரின் சயின்டிஃபிக் கால்குலேட்டர் 14 என்று காட்டும். இரண்டிலும் கோளாறு இல்லை. மேசைக் கால்குலேட்டர் முன்னால் வந்ததை அவ்வப்போதே முடித்துவிடும் ரகம். × தட்டியதுமே 2 + 3-ஐ 5 ஆக்கிவிட்டு, அந்த 5-ஐத்தான் நாலால் பெருக்குகிறது. சயின்டிஃபிக் முழு வரியையும் வாங்கிக்கொண்டு, பள்ளியில் படித்தபடி பெருக்கலை முதலில் செய்கிறது. விண்டோஸ் கணினியில் உள்ள கால்குலேட்டர் இரண்டு பக்கமும் பேசும்: ஸ்டாண்டர்டு முறையில் 20, சயின்டிஃபிக் முறையில் 14.

இது கடைக்காரருக்குப் பணப் பிரச்சினை. கிலோ 62 ரூபாய்க்கு 3 கிலோ அரிசி, கிலோ 140 ரூபாய்க்கு 2 கிலோ பருப்பு. மேசைக் கால்குலேட்டரில் 3 × 62 + 2 × 140 என்று ஒரே மூச்சில் தட்டினால் 26,320 வரும். உண்மையான பில் 466. இதற்காகவே ‘எம்+’ பொத்தான் இருக்கிறது: 3 × 62 எம்+, 2 × 140 எம்+, கடைசியில் ‘எம்ஆர்’. பலரும் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை.

நம்பிக்கை: + போட்டு % தட்டினால் வரி சேர்ந்துவிடும்.

கால்குலேட்டரிலேயே மிகவும் ஏமாற்றும் பொத்தான் இந்த %தான். 500 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்க்க 500 + 18 % தட்டுகிறீர்கள். செல்போனில் 590 வரும், சரி. கேசியோவின் மேசைக் கால்குலேட்டர்கள் பலவற்றில் அதே தட்டலுக்கு 609.756 என்று வரும். ‘கொள்முதல் 500, விற்பனை விலையில் 18 சதவீதம் லாபமாக நிற்க வேண்டும், என்ன விலை வைப்பது?’ என்று கேட்டதாக அது எடுத்துக்கொண்டு, 500-ஐ 0.82-ஆல் வகுத்துவிடுகிறது. வியாபாரிக்கு உதவும் கணக்குதான், ஆனால் வரிக்கணக்கு அல்ல. சயின்டிஃபிக் கால்குலேட்டரிலோ 500.18 வரும், அங்கே % என்றால் நூறால் வகு என்பதோடு சரி. எந்த மெஷினிலும் மாறாத வழி: 500 × 1.18.

வரியைப் பிரிக்கும்போது தவறு மெஷினில் இல்லை, நம்மிடம்தான். வரியோடு 1,180 ரூபாய் என்ற பில்லிலிருந்து வரிக்கு முந்தைய விலையைப் பிரிக்க, செல்போனில் 1180 − 18 % தட்டுவோர் ஏராளம். 967.60 வரும். அசல் விலை 1,000. வரி போடப்பட்டது 1,000-க்கு, நாம் கழித்தது 1,180-க்கு. 1180 ÷ 1.18 என்று வகுக்க வேண்டும். 32 ரூபாய் 40 காசுதானே என்று விட்டுவிடாதீர்கள். மாதம் முழுக்க இப்படியே பிரித்தால் கணக்கு எங்கேயும் ஒட்டாது.

நம்பிக்கை: பத்தின் அடுக்கைப் போட × 10 தட்டி, பிறகு ‘எக்ஸ்ப்’ தட்ட வேண்டும்.

வேண்டாம். அந்தப் பொத்தானுக்குள்ளேயே ‘பெருக்கல் பத்தின் அடுக்கு’ அடங்கியிருக்கிறது. அவகாட்ரோ எண்ணுக்கு 6.022, எக்ஸ்ப், 23 போதும். இடையில் × 10 சேர்த்தால் விடை பத்து மடங்காகும்.

நம்பிக்கை: சைன் 30 எப்போதும் அரைதான்.

டிகிரி முறையில் மட்டும். ரேடியன் முறையில் −0.988 வரும். தேர்வறையில் உட்கார்ந்ததும் திரையின் மேல்விளிம்பில் இருக்கும் சின்ன எழுத்தைப் பார்த்துவிடுங்கள்.

நம்பிக்கை: புள்ளி தானாக விழுந்தால் மெஷின் போச்சு.

அலுவலக மேசைக் கால்குலேட்டர்கள் பலவற்றின் மேல்பக்கத்தில் சிறிய நகர்த்து சுவிட்சு இருக்கும். தூசு துடைக்கும்போது அது ‘ஆட் 2’ என்ற இடத்துக்கு நகர்ந்துவிட்டால், கூட்டல் கழித்தலில் நீங்கள் போடும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காசாக எடுத்துக்கொள்ளும். 1250 + 375 தட்டினால் 16.25 வரும். புள்ளியைத் தட்டாமலே ரூபாய், காசைக் கடகடவென்று கூட்டுவதற்காக வைத்த வசதி அது. சுவிட்சை ‘ஆட் 2’-விலிருந்து ‘எஃப்’ பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். புது மெஷின் வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.